வெளிர் நீலம்

பேரூராட்சி எழுத்தர் நாதமுனி
சுருட்டிய வரைபடத்தை மேசையில் விரித்து
நாற்பது நகல் என்றார்.
ஆற்றங்கரை அழகுபடுத்தும் திட்டம்.
பணம் பில் போட்டு வருமாம்.
போன தேர்தலுக்கு எடுத்த நகல்களுக்கே
இன்னும் பாக்கி.

என் மெஷின் பழசு.
கறுப்பை அள்ளும், சிவப்பைக் கறுப்பாக்கும்,
வெளிர் நீலம் மட்டும் அதன் கண்ணில் படாது.
பத்தாவது தாள் வந்து விழும்போதுதான் கவனித்தேன்.
நடைபாதை இருந்தது,
விளக்குக் கம்பங்கள், கார் நிறுத்தம்,
படகுத்துறை என்று ஒரு கட்டம்,
நாயைப் பிடித்தபடி நடக்கும் ஒருத்தி
(எங்கள் ஊர் நாய் தனியாகப் போகும்,
தனியாகத் திரும்பி வரும்),
எல்லாம் இருந்தது.
ஆறு இல்லை.

சொல்லியிருக்கலாம்.
மீதி முப்பதையும் ஓட்டினேன்.

அன்று சாயங்காலமே மனுவும் வந்தது.
லுங்கித் தறி தேசப்பன்,
துறையில் துணி வெளுக்கும் சுப்பராயுலு,
கீழ்த்தெரு ரெட்டெம்மா.
மனு தமிழில்,
கையெழுத்துப் பாதி தெலுங்கில்,
மற்றதெல்லாம் கட்டைவிரல்.
கரையில் சுவர் எழுப்பினால்
வெள்ளம் கீழ்த்தெருவுக்குள் திரும்பும், இது ஒன்று.
ஊற்று தோண்டிக் குடிக்கும் இடத்தில்
கார் நிற்கக்கூடாது, இது இரண்டு.
மூன்றாவதை ரெட்டெம்மா
அடித்து அடித்து எழுத வைத்தாள்:
என் வீட்டுக்காரரைக் கரைத்த இடத்தில்
ஐஸ்கிரீம் கடை வேண்டாம்.

எங்களுக்கு ஆறு ஃபோனில்தான் வரும்.
மேலே ஆந்திராவில் மதகைத் தூக்கினால்
நகரியிலிருந்து தேசப்பனின் மாமியார் கூப்பிடுவாள்,
'நீள்ளு ஒஸ்தா உண்டாயி.'
அதிலிருந்து இரண்டு மணி நேரம்.
பாவு, சிலிண்டர், கைக்குழந்தை, ரேஷன் கார்டு,
எல்லாம் பள்ளிக்கூட மாடிக்கு ஏறும்.
மற்ற நாளில் மணல்.
அந்த மணலைப் பாதிப் பேர் ஆறு என்போம்,
பாதிப் பேர் ஏரு என்போம்,
யாரும் யாரையும் திருத்தியதில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் மாப்பிள்ளையின் பெயர்
தெர்மாகோலில் இன்னும் மேடைமேல் தொங்கியது,
அதற்குக் கீழே தலைவர், இஞ்சினியர், நாதமுனி.
நகலை வாங்கியவர்கள்
திருப்பினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள்.
'சார், இதுல ஆறு எங்க?'
இஞ்சினியர் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினார்.
வெகுநேரம் பார்த்தார்.
'இருக்குன்னு வச்சுக்குங்க.'

மின்விசிறி மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
பிறகு சுப்பராயுலு எழுந்தார்,
தோளில் ஈரத் துண்டு,
குரலை உயர்த்தவில்லை.
'அப்போ நீங்க கட்டிட்டதா
நாங்களும் வச்சுக்கறோம் சார்.
இத்தோட விட்டுடுங்க.'

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு
சட்டென்று வாட்சைப் பார்த்துக்கொண்டார்.
மனுவை வாங்கி முத்திரை குத்தினார்கள்.
'பொதுமக்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்'
என்று நோட்டில் ஏறியது.
அந்தப் பக்கத்துக்கும் நகல் கேட்டு
மறுநாள் என்னிடமே வந்தார் நாதமுனி.
'வேணும்னே செஞ்சியாம்மா?'
'மெஷின் சார்' என்றேன்.
பத்துத் தாள் வரைக்கும் அது உண்மை.
இருநூற்றுப் பதின்மூன்றாவது கையெழுத்து
என்னுடையது என்பதை
அவர் இன்னும் படித்திருக்கமாட்டார்.

திங்கட்கிழமை மணலில்
சிவப்புத் தலை வைத்த முளைக்குச்சிகள் நட்டார்கள்,
ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண் எழுதி.
செவ்வாய்க்கிழமை பதினான்கில்
ரெட்டெம்மாவின் ஆடு கட்டியிருந்தது.
புதன்கிழமை பதினான்கே இல்லை,
ஆடு கயிற்றோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது.

ஐப்பசி பிறந்து ஆறு நாள்.
மேற்கே புத்தூர்ப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது.
தேசப்பன் என் கடையில்
ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு
நின்றுகொண்டே டீ குடிக்கிறான்.